பயந்தபடியே நடந்தவர்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்து, புதுவருஷ வாழ்த்துச் சொல்லி எல்லோரும் ஓய்ந்தபின், வாக்குத்தத்த அட்டைகள் நிறைந்த தட்டு வரிசை வரிசையாக நகர்ந்து வரும். அட்டைகள் எல்லாம் குப்புறக் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறவர்கள் உண்டு. மேலே கிடப்பதே தேவன் தனக்கென்று வைத்தது என்று அதையே எடுக்கிறவர்கள் உண்டு. அடியிலிருந்து ஒன்றை உருவுகிறவர்களும் உண்டு. எடுத்த கையோடு வாசித்துவிடாமல், வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறவர்களை நான் தனியாகக் கவனிப்பேன். அவர்களிடம் ஆவலைவிட அச்சம் கூடுதல். மகளுக்கு வரன் அமைய வேண்டும், மார்பில் கட்டியைக் கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, வளைகுடாவில் இருக்கிற மகனிடமிருந்து போன் வந்து நாளாயிற்று. இத்தனைக்கும் அந்தச் சின்ன அட்டை பதில் சொல்ல வேண்டும். கலங்காதே, பயப்படாதே என்கிற பொருளில் ஒரு வசனம் வந்துவிட்டால் வீடே ஸ்தோத்திரம் சொல்லும். அட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஏறும். என்னை உறுத்திக்கொண்டே இருப்பவை அதற்குப் பிந்தைய மாதங்கள். ஏதோ ஒரு விடியற்காலம் மூன்று மணிக்கு அந்த வீட்டுப் பெண் விழித்துக்கொண்டு, நெஞ்சு படபடக்க, ஃபேன் சுற்றுவதைப் பார்த்தபடி கிடப்பாள். வசனம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இப்போது அவளுக்கு இரண்டு பயம். ஒன்று மகனைப் பற்றியது. மற்றது, தேவனே சொல்லியும் பயப்படுகிறேனே, எனக்கு விசுவாசமே இல்லையோ என்பது. முதல் பயத்தை வாழ்க்கை கொடுத்தது. இரண்டாவதை நாம் கொடுத்தோம், சபையாகிய நாம். "விசுவாசியுங்கம்மா, கவலைப்படுறது பாவம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு, அன்போடுதான் சொன்னோம்.

இந்த இரண்டாவது பயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜான் பன்யன் நினைவுக்கு வருகிறார். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு அவர் 'மோட்சப் பிரயாணம்' எழுதியவர். திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையைக் கம்பன் வழியில் விருத்தங்களாக்கி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று தந்ததால், தமிழ் இலக்கியத்துக்கும் அவர் உறவுக்காரர். ஆனால் பன்யன் 1666இல் சிறையிலிருந்தபடி வெளியிட்ட 'கிரேஸ் அபௌண்டிங்' என்கிற தன்வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் நெருக்கமான புத்தகம். மோட்சப் பிரயாணத்தின் சேறும் கோட்டையும் அரக்கனும் எந்த மண்ணிலிருந்து எழுந்தன என்பது அதில் இருக்கிறது. பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ கிராமத்தில் 1628இல் பிறந்தவர். அப்பாவைப் போலவே ஓட்டைப் பாத்திரம் அடைக்கிற தொழில். முதல் மனைவி வந்தபோது வீட்டில் ஒரு தட்டோ கரண்டியோகூடக் கிடையாது. அவள் கொண்டுவந்த சீதனம் அவள் அப்பா விட்டுப்போன இரண்டு பக்தி நூல்கள். பன்யனுக்குக் கோயில் மணி அடிப்பதில் கொள்ளை ஆசை. எல்ஸ்டோவில் மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கும். மனசாட்சி குத்தத் தொடங்கிய நாட்களில், மணியடிப்பது வீண் இன்பம் என்று தோன்றி நிறுத்திவிட்டார். ஆனாலும் மற்றவர்கள் அடிப்பதைப் பார்க்கப் போவார். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு நினைப்பு வரும்: மணி ஒன்று அறுந்து விழுந்தால்? குறுக்கே ஓடுகிற பெரிய உத்திரத்துக்குக் கீழே நகர்ந்து நின்றார். அங்கே நின்றதும், விழுகிற மணி சுவரில் மோதித் தெறித்துத் தன்மேல் வந்தால்? கூண்டின் வாசலுக்கு வந்தார். இங்கிருந்தால் தடித்த சுவருக்குப் பின்னால் நழுவிவிடலாம். அப்புறம், கூண்டே இடிந்து விழுந்தால்? கடைசியில் ஓடியே போய்விட்டார். பதற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாக எழுதிய இன்னொரு பக்கத்தை நான் வாசித்ததில்லை. ஒதுங்கிய ஒவ்வொரு இடத்திலிருந்தும் அடுத்த ஆபத்து கண்ணில் படுகிறது. உத்திரத்துக்குக் கீழே நிற்கிறவரிடம் போய், பயப்படாதீர், உத்திரம் கெட்டியானது என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டு, சுவரைப் பார்ப்பார்.

மணிக்கு நேர்ந்தது பிறகு வசனங்களுக்கு நேர்ந்தது. பன்யன் தேடிப் போய் எடுத்த வசனங்களைவிட, தாமாக வந்து அவர்மேல் விழுந்த வசனங்களே அதிகம். ஏறக்குறைய ஒரு வருஷம், கிறிஸ்துவை எதற்காவது விற்றுவிடும்படி ஒரு நினைப்பு அவரை விடாமல் துரத்தியது. சாப்பிட உட்கார்ந்தாலும், குண்டூசி எடுக்கக் குனிந்தாலும், விறகு பிளந்தாலும் அது வரும். கையாலும் முழங்கையாலும் எதையோ தள்ளிவிடுகிறவராக, எத்தனை உலகங்களைக் கொட்டிக் கொடுத்தாலும் மாட்டேன் என்று மறுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை, படுக்கையில், களைத்துப்போன மனம் ஒரு நொடி தளர்ந்து, போனால் போகட்டும் என்று விட்டது. அவ்வளவுதான். எபிரெயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வருகிற ஏசா வந்து பிடித்துக்கொண்டான்: ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சேஷ்டபுத்திரபாகத்தை விற்றவன், பிறகு அழுது தேடியும் அடையாமல் போனவன். அந்த ஒரு வசனம் பன்யனை ஆண்டுக்கணக்கில் ஆட்டிவைத்தது. தாவீது, மனாசே, பேதுரு, யூதாஸ் என்று வேதத்தின் பாவிகளை ஒவ்வொருவராக எடுத்துத் தன் பாவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தாவீதுக்கும் பேதுருவுக்கும் கிடைத்த மன்னிப்பில் தனக்குப் பங்கில்லை என்றே பட்டது. வேதம் மருந்து என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். பன்யனுக்குக் காயமும் வேதத்திலிருந்துதான் வந்தது. இதைச் சபையில் சத்தமாகச் சொல்ல நாம் கூசுகிறோம். ஆனால் 'மன்னிக்கப்படாத பாவம்' எதுவென்று கேட்டுப் போதகர் வீட்டுக் கதவைத் தட்டுகிற வாலிபர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறார்கள். அவர்கள் வேதத்தை வாசிக்காதவர்கள் அல்லர். ஒரே வசனத்தை மட்டும் இடைவிடாமல் வாசிக்கிறவர்கள்.

ஆறுதலும் அவருக்கு இதே மாதிரிதான் வந்தது, கேட்காமல், முகவரி இல்லாமல். ஏசா வந்து பிடிப்பதற்கு முந்தைய ஒரு காலத்தில், பழைய தலைமுறைகளைத் திரும்பிப் பார், தேவனை நம்பினவர் எவராவது கைவிடப்பட்டதுண்டா என்கிற கருத்துள்ள ஒரு வாக்கியம் அவர் மனதில் இறங்கியது. பெரிய தெம்பு கிடைத்தது. உடனே வேதாகமத்தைத் திறந்து தேடினார். அகப்படவில்லை. தெரிந்த பக்திமான்களையெல்லாம் கேட்டார். அவர்களுக்கும் இடம் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அது கண்ணில் பட்டது, தள்ளுபடி ஆகமங்களில். நம்மூரில் கத்தோலிக்க வீட்டு வேதாகமத்தில் 'சீராக்கின் ஞானம்' என்று இருக்கிறதே, அதன் இரண்டாம் அதிகாரம். சீர்திருத்த சபைக்காரரான பன்யனுக்கு அது வேதமே அல்ல. முதலில் திடுக்கிட்டுப் போனார். பிறகு யோசித்தார்: இந்த வாக்கியம் எங்கே இருந்தாலும், வேதத்தின் பல வாக்குத்தத்தங்களின் சாரம் இதில் இருக்கிறது, ஆகவே இதன் ஆறுதலை எடுத்துக்கொள்வது என் கடமை. இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு அவர்மேல் பெரிய அன்பு சுரக்கிறது. மனசாட்சியின் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுங்குகிற ஒருவர், தனக்குக் கிடைத்த ரொட்டி எந்த வீட்டு அடுப்பில் சுட்டது என்று தெரிந்தபின்னும் அதைத் தூக்கியெறியவில்லை. ஒரு வருஷத் தேடலே அவருக்கு ஏதோ செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் வேதம் முழுவதையும் புரட்டியிருக்கிறார். அட்டையில் அச்சடித்து, அதிகாரமும் வசன எண்ணும் போட்டுக் கொடுத்திருந்தால் அவர் புரட்டியிருக்க மாட்டார்.

ஏசாவிடமிருந்து அவர் எப்படித் தப்பினார் என்பதுதான் நான் திரும்பத் திரும்பப் போய் வாசிக்கிற பகுதி. பவுலுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை, கிருபை போதுமானது என்பது, ஒருநாள் அவருக்கு வந்தது. ஆனால் குறையாக வந்தது: கிருபை போதும் என்று வந்தது, யாருக்குப் போதும் என்பது வரவில்லை. அந்த மிச்சத்துக்காக வாரக்கணக்கில் ஜெபித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது முழுதாக வந்தது. வந்தபின்னும் ஏசா போகவில்லை. தராசுத் தட்டுகள் ஏறி இறங்குவதாக எழுதுகிறார். ஒரு பொழுது கிருபை மேலே, ஒரு பொழுது ஏசா மேலே. அப்போது அவர் கேட்ட ஜெபம் விநோதமானது. கெட்ட வசனத்தை எடுத்துவிடும் என்று கேட்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் என் மனதில் வரட்டும், எது ஜெயிக்கிறது பார்க்கலாம் என்று கேட்டார். இரண்டும் வந்தன. ஏசா மெல்ல மங்கிப்போனான், கிருபை நின்றது. அதன்பிறகு இன்னும் தைரியமான காரியம் ஒன்று செய்தார். தன்னை இத்தனை காலம் பயமுறுத்திய வசனங்களிடம், எபிரெயர் 6, 10, 12ஆம் அதிகாரங்களிடம், தானாகவே திரும்பிப் போனார். பயந்துகொண்டேதான் போனார். கிட்டே போய், அவை என்ன சொல்கின்றன, யாரிடம் சொல்கின்றன, எதைப்பற்றிச் சொல்கின்றன என்று நிதானமாகப் பார்த்தார். ஏசா விற்றது யோசித்து, மனமொப்பிச் செய்த வியாபாரம். போராடிக் களைத்த மனதில் ஒரு நொடி ஓடிய நினைப்பு அல்ல. யோசுவாவின் அடைக்கலப்பட்டணங்கள் நினைவுக்கு வந்தன: முன்பகை இல்லாமல் கைபிசகாய்க் கொன்றுவிட்டு ஓடி வருகிறவனை மூப்பர்கள் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும், துரத்தி வருகிறவனிடம் ஒப்படைக்கக் கூடாது. கிட்டே போய்ப் பார்த்தபோது அந்த வசனங்களின் முகம் மாறியிருந்தது, முன்பு தோன்றிய கொடுமை அதில் இல்லை என்று எழுதுகிறார்.

எனக்கு ஒன்று தோன்றும். பன்யனை அத்தனை காலம் வாட்டிய அதே எபிரெயர் நிருபத்தில்தான், 5ஆம் அதிகாரத்தில், இயேசு சாவிலிருந்து தப்புவிக்க வல்லவரிடம் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் வேண்டிக்கொண்டார் என்று இருக்கிறது. ஏசாவின் கண்ணீரும் இயேசுவின் கண்ணீரும் ஒரே கடிதத்தில், ஏழு அதிகார இடைவெளியில். ஒன்றை மட்டும் கிழித்தெடுத்தால் அது மனிதனைக் கொன்றுவிடும். பதற்றம் வாசிக்கிற முறையே அதுதான், கிழித்தெடுத்து வாசிக்கும். அட்டையும் அதே முறையில்தான் செய்யப்படுகிறது என்பது எனக்கு வலிக்கிறது. ஆறுதலான வசனம் என்பதால் மட்டும் அது வேறாகிவிடாது. பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில், எதற்கும் கவலைப்பட வேண்டாம், எல்லாவற்றையும் தேவனிடம் சொல்லுங்கள் என்று பவுல் சொல்கிற இடம்தான் நம் ஃப்ரிட்ஜ் கதவுகளில் அதிகம் தொங்குவது. அந்தக் கடிதம் விலங்கோடு எழுதப்பட்டது. அதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து வருகிறான். பவுலுக்கு உதவி கொண்டுவந்த இடத்தில் நோயில் விழுந்து, சாவின் விளிம்புவரை போய் மீண்டவன். அவன் செத்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கமாகியிருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். அவனை ஊருக்கு அனுப்பிவைத்தால் என் மனப்பாரமும் குறையும் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், அடிபட்டதையும் கப்பல் உடைந்ததையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, எல்லாவற்றுக்கும் மேலாகச் சபைகளைப் பற்றிய கவலை தினமும் தன்னை அழுத்துவதாகச் சொல்கிறார். இன்னொரு இடத்தில், பிலிப்பி இருக்கிற அதே மக்கெதோனியாவுக்குத் தான் வந்துசேர்ந்தபோது வெளியே சண்டைகள், உள்ளே பயங்கள் என்ற நிலை. அப்போது தேவன் அவரை எப்படி ஆற்றினார்? தீத்து வந்து சேர்ந்தான். அதுதான் ஆறுதல். வானத்திலிருந்து குரலில்லை, தூதனில்லை. தெரிந்த ஒரு ஆள், பயணக் களைப்போடு, கொரிந்துவிலிருந்து செய்தி கொண்டு, வந்து நின்றான். கவலைப்படாதீர்கள் என்று சொன்னவர் இவர். இவருடைய உள்பயங்களைத் தெரிந்துகொண்டு அந்த வார்த்தையைக் கேட்கும்போது, அதிலிருந்த அதட்டல் என் காதிலிருந்து போய்விடுகிறது. அதே வழியில் நடந்துகொண்டிருக்கிற ஒருவர் திரும்பிப் பார்த்துக் கூப்பிடுவது கேட்கிறது.

பன்யனையும் வசனம் தனியாகக் காப்பாற்றிவிடவில்லை. அவர் கதையில் ஆட்கள் இருக்கிறார்கள். பெட்ஃபோர்டில் பாத்திர வேலைக்குப் போயிருந்தபோது, ஒரு வீட்டு வாசலில், வெயிலில், மூன்று நான்கு ஏழைப் பெண்கள் உட்கார்ந்து தேவனுடைய காரியங்களைப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். தங்கள் பலவீனத்தையும் சோதனையையும் அவர்கள் ஒளிக்காமல் பேசினார்கள். அதே மூச்சில் சந்தோஷத்தோடும் பேசினார்கள். அவர் பேச்சில் சூரர், அன்று வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்களின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. அவர்கள் மூலம்தான் ஜான் கிஃபர்ட் என்ற போதகரிடமும் அவர் சபையிடமும் போய்ச் சேர்ந்தார். இன்னொரு ஆள் செத்துப்போய் நூறு வருஷமாகியிருந்த மார்ட்டின் லூதர். தன்னைப் போல வேதனைப்பட்ட பழைய ஆள் ஒருவருடைய அனுபவத்தை வாசிக்க வேண்டும் என்று பன்யன் ஏங்கியபோது, கலாத்தியர் நிருபத்துக்கு லூதர் எழுதிய விளக்கவுரை கையில் கிடைத்தது. தொட்டுப் புரட்டினால் துண்டு துண்டாக உதிரும் அளவுக்குப் பழைய பிரதி. சில பக்கங்கள் போனதும், தன் நெஞ்சைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது அவருக்கு. காயப்பட்ட மனசாட்சிக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி இதுவே என்று எழுதி வைத்தார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் பன்யனை நோயுற்ற மனசாட்சிக்கு உதாரணமாகக் காட்டுகிறார். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. மணிக்கூண்டில் நின்ற மனிதருக்கு இன்று நல்ல மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பேசி ஆற்றுகிற முறை இருக்கிறது. அந்த மருத்துவரிடம் போகிறவரைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று சொல்வது கொடுமை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்கி, சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுங்கால வழக்கம். வாசலில் வெயில் காய்ந்த அந்தப் பெண்கள் செய்த காரியத்துக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இத்தனைக்குப் பிறகு பன்யனின் பயம் போய்விட்டதா? போகவில்லை, அதை அவரே எழுதுகிறார். 1660 நவம்பரில், அனுமதியில்லாமல் பிரசங்கித்ததற்காகப் பிடிபட்டார். அதிர்ச்சியில் கர்ப்பிணி மனைவிக்குக் குறைப்பிரசவமாகிக் குழந்தை இறந்தது. மூத்த தாரத்து மகள் மேரிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவளை விட்டுப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதாக இருந்தது. பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருஷம், நூல் நாடாக்களுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தார். சிறைவாசத்தின் தொடக்கத்தில் தூக்குக்கயிறு வரும் என்று எண்ணினார். அவரை வாட்டிய பயம் சாவைப் பற்றியதுகூட அல்ல; ஏணியில் ஏறும்போது முகம் வெளுத்து முழங்கால் நடுங்கினால், பார்க்கிறவர்கள் தேவனுடைய பேரை இகழ்வார்களே என்பது. அந்த நாட்களில் தேவனிடமிருந்து ஒரு ஆறுதலும் வரவில்லை, ஜெபித்தும் வரவில்லை. கடைசியில் அவர் எடுத்த முடிவை வாசிக்கும்போது என் உடம்பு சிலிர்க்கிறது. தேவன் ஆறுதல் தந்தாலும் தராவிட்டாலும், பிடித்துக்கொண்டாலும் பிடிக்காவிட்டாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த ஏணியிலிருந்து நித்தியத்துக்குள் குதித்துவிடுவேன். இந்த முடிவை எடுத்தபிறகுதான், யோபு சும்மாவா தேவனுக்குப் பயப்படுகிறான் என்று சாத்தான் கேட்ட வார்த்தை அவர் மனதில் விழுந்தது, ஆறுதலும் வந்தது. அந்த முடிவை விசுவாசம் என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது? அதை எடுத்தபோது நடுக்கம் நின்றிருக்கவில்லை. சமாதானம் வந்திருக்கவில்லை. ஆனாலும் அவர் யாரை நோக்கிக் குதிப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

வாக்குத்தத்த அட்டையை நேசிக்கிறவர்கள் மோட்சப் பிரயாணத்தில் நினைவு வைத்திருப்பது சந்தேகக் கோட்டையின் சாவியை. கதையின் பிரயாணி கிறிஸ்தியானும் கூட்டாளி ஹோப்ஃபுல்லும் நம்பிக்கையின்மை என்னும் அரக்கனிடம் அகப்பட்டுப் புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவுவரை இருட்டறையில் கிடக்கிறார்கள், கிறிஸ்தியானுக்குத் திடீரென்று தன் மார்பில் வாக்குத்தத்தம் என்ற சாவி இருப்பது நினைவுக்கு வருகிறது, கதவுகள் திறக்கின்றன. உண்மைதான். ஆனால் பன்யன் அந்த அத்தியாயத்தில் வேறு பலவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அரக்கன் தற்கொலை செய்துகொள்ளச் சொல்லி யோசனை கொடுத்தபோது கிறிஸ்தியானுக்கு அது சரியென்றே பட்டது. அவனைப் பேசிப் பேசித் தடுத்தவன் ஹோப்ஃபுல். நீ முன்பு எதையெல்லாம் கடந்து வந்தாய் என்று நினைவூட்டினான். இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்றான். சனி நள்ளிரவில் ஆரம்பித்து ஏறக்குறைய விடியும்வரை ஜெபித்தபிறகுதான் சாவி நினைவுக்கு வந்தது. வெளி இரும்புக் கதவின் பூட்டு லேசில் திறக்கவில்லை, மிகவும் இறுகியிருந்தது. துரத்தி வந்த அரக்கனுக்கு நல்ல வெயில் நாட்களில் கைகால் இழுத்துக்கொள்ளும். அன்று அப்படி ஆனதால்தான் தப்பினார்கள். ஒரு வாக்குத்தத்தம் வேலை செய்ய நண்பன் வேண்டியிருந்தது, இரவு வேண்டியிருந்தது, வெயிலும் வேண்டியிருந்தது. அட்டை கொடுக்கிறபோது இதில் எதையும் நாம் சேர்த்துக் கொடுப்பதில்லை. நாலு நாள் கூட இருக்க நமக்கு நேரமில்லாததால்தான் அட்டையைக் கொடுக்கிறோமோ என்று சில வேளைகளில் எனக்குச் சந்தேகம்.

1684இல், வயது ஐம்பதைத் தாண்டியபின், பன்யன் மோட்சப் பிரயாணத்தின் இரண்டாம் பாகம் எழுதினார், கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் அதே வழியில் புறப்படுகிற கதை. அதில் வருகிற ஒருவருக்கு மிஸ்டர் ஃபியரிங் என்று பெயர், பயப்படுகிறவர். அவர் கதையில் நேராக வருவதில்லை. கிரேட்ஹார்ட் என்ற வழிகாட்டி, முன்பு தான் அழைத்துப்போன ஒரு பிரயாணியைப் பற்றி வழிநடையில் மற்றவர்களுக்குச் சொல்கிறான். முதல் பாகத்தின் சாவியைவிட இந்த மனிதரைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆரம்பத்துச் சேற்றின் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் அழுதுகொண்டே கிடந்தார். திரும்பிப் போகவும் மாட்டார். கடந்தபின்னும் அந்தச் சேற்றை மனதுக்குள் சுமந்துகொண்டே நடந்தார். இடுக்கமான வாசலில் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார், எனக்குத் தகுதியில்லை என்று. அடுத்த வீட்டின் வெளியே குளிரில் பல இரவுகள் கிடந்தார், தட்டப் பயந்து. அவர் மடியிலோ ஒரு கடிதம் இருந்தது: இவர் ரொம்பவும் பயந்த சுபாவக்காரர், ஆகவே இவரை உள்ளே சேர்த்து, துணிச்சலான ஒரு துணையாளையும் கூட அனுப்ப வேண்டும் என்று. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டே வாசலில் கிடந்தார். ஜன்னல் வழியே பார்த்த கிரேட்ஹார்ட் தானே வெளியே போய் யாரென்று கேட்டபோது, அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. விசித்திரம் என்னவென்றால், சிங்கங்களுக்கு அவர் பயப்படவே இல்லை. மாயச் சந்தையில் எல்லோரோடும் சண்டைக்கு நின்றார். தாழ்மையின் பள்ளத்தாக்கு அவருக்கு அத்தனை பிடித்துப்போய், தரையைத் தழுவிப் படுத்து அங்கிருந்த பூக்களை முத்தமிட்டார். அவருடைய பெரிய பயம், கடைசியில் தன்னைச் சேர்த்துக்கொள்வார்களா என்பது. கடைசி ஆற்றங்கரையில் அந்தப் பயம் உச்சத்துக்கு ஏறியது, இதோ மூழ்கப்போகிறேன் என்று. அன்று ஆற்றில் தண்ணீர், கிரேட்ஹார்ட் தன் வாழ்நாளில் பார்த்திராத அளவுக்கு, குறைந்திருந்தது. பாதம் நனைந்ததற்கு மேல் அதிகமில்லாமல் கடந்து போனார். பயம் தீர்ந்து ஆற்றில் இறங்கியதாகப் பன்யன் எழுதவில்லை. பயத்தோடுதான் இறங்கினார். தண்ணீரைக் குறைத்தது அவர் அல்ல.

நம்முடைய ஜெபக்கூட்டங்களில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. மைக் அங்கே பயம் நீங்கினவர்களிடமே போகிறது: இத்தனை நாள் தூக்கமில்லை, ஐயர் வந்து ஜெபித்தார், இந்த வசனம் கிடைத்தது, இப்போது நிம்மதி. அந்தச் சாட்சிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவை உண்மை, அவற்றுக்காக ஸ்தோத்திரம். ஆனால் பயம் நீங்காமல் இருபது வருஷமாக ஞாயிறு தவறாமல் வருகிறவர் பின்வரிசையில் இருக்கிறார். நடுங்கும் கையோடு நற்கருணைப் பாத்திரத்தை வாங்குகிறார். அவரிடமும் சாட்சி இருக்கிறது. கேட்க யாரும் எழுந்து போவதில்லை. கிரேட்ஹார்ட் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், இத்தனை நல்ல மனிதருக்கு ஏன் இவ்வளவு இருட்டு என்று முதியவர் ஹானஸ்ட் கேட்கிறார். வாத்தியக்காரன் ஸ்ருதி சேர்க்கும்போது முதலில் தொடுவது மந்தரத் தந்தியைத்தான் என்ற பொருளில் கிரேட்ஹார்ட் பதில் சொல்கிறான். அதைவிட எனக்கு முக்கியம், கேட்டுக்கொண்டு நடந்த மற்றவர்கள் செய்தது. யாரும் அந்த மனிதருக்குப் புத்தி சொல்லவில்லை. கிறிஸ்தியானின் மனைவி, என்னிடமும் இவருடைய சாயல் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அவர் பயம் வெளியே வழிந்தது, நான் என்னுடையதை உள்ளேயே வைத்திருந்தேன் என்கிறாள். கூட வந்த மெர்ஸி, என் நெஞ்சிலும் இது இருந்திருக்கிறது என்கிறாள். பிள்ளைகளில் மத்தேயு, இரட்சிப்புக்கு நான் வெகுதூரம் என்று பயந்ததுண்டு, அவருக்கு நல்லபடியாக முடிந்ததென்றால் எனக்கும் ஏன் முடியாது என்கிறான். நடந்தபடியே, ஒருவர் பின் ஒருவராக, அவரவர் பயத்தைச் சொல்கிறார்கள். எங்கள் ஜெபக்கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். யாராவது ஒருவர் தொடங்க வேண்டும், மைக் இல்லாமல், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர்.